விளக்கு பச்சையாகவே இருந்த மாதம்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் எழுந்து பெருமையாகச் சொன்னார்: "மேடம், எங்க டீம்ல பில்ட் உடைஞ்சே ஒரு மாசத்துக்கு மேல ஆவுது." எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. அதைக் கவனித்த இரண்டு பேர் டீ குடிக்கும்போது வந்து காரணம் கேட்டார்கள். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

நான் 1993இல் விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உர மண்டிக்கு மேல் மாடி. எட்டுப் பேர், நான்கு கம்ப்யூட்டர். ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தனியாக எழுதிக்கொண்டே போவோம். கடைசி வாரம் எல்லாவற்றையும் ஒரே மெஷினில் ஏற்றிச் சேர்ப்போம். திண்டிவனத்திலிருந்து வரும் ஒருவர் தன் பங்கை ஃபிளாப்பியில் போட்டு டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். ஒருமுறை புளியோதரை எண்ணெய் அதில் இறங்கி, அவருடைய பங்கை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடைசி வாரத்தை நாங்கள் 'சேர்ப்பு வாரம்' என்போம். அந்த வாரம் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை. தனித்தனியாக ஓடியது ஒன்றாக ஓடாது. யார் பக்கம் தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் வாடிக்கையாளர் வாசலில் வந்து நிற்பார்.

பதினைந்து வருடம் கழித்து அதே நிறுவனம் பெரிதாகிவிட்டது. தலைமை அலுவலகம் சென்னையில், ஆட்கள் நூற்றுக்கணக்கில். விழுப்புரத்தில் ஒரு கிளை, திண்டிவனத்தில் ஒரு கிளை. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிளைகளும் சேர்ந்து சர்க்கரை ஆலைகளுக்கான மென்பொருளைச் செய்தன. எந்த விவசாயி எந்த நாளில் கரும்பை வெட்டலாம் என்று ஆலை கொடுக்கும் சீட்டுக்கு வெட்டு உத்தரவு என்று பெயர். அதைத் தயாரிக்கும் பகுதி திண்டிவனத்துடையது. வெட்டிய கரும்பை ஏற்றி வரும் வண்டியை ஆலை வாசலில் நிறுத்தி, அந்த உத்தரவைச் சரிபார்த்து எடை போடும் பகுதி விழுப்புரத்துடையது. உத்தரவு எண் எடைமேடைக்குத் தெரியவில்லை என்றால் வண்டி உள்ளே போகாது. வெட்டிய கரும்பு வெயிலில் காத்திருந்தால் காயும், எடை குறையும். எங்கள் வேலையில் தப்பு நடந்தால் அதைச் சுமப்பவர் யார் என்பதில் எனக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை.

விழுப்புரத்தில் எடைமேடைப் பகுதிக்குக் குமரவேல் பொறுப்பு. பனமலை ஏரிக்குப் பக்கத்து ஊர். வீட்டில் கரும்பு உண்டு, வாயில் கிண்டல் எப்போதும் உண்டு. திண்டிவனத்தில் வெட்டு உத்தரவுப் பகுதிக்கு அமலி. ஒலக்கூர் பக்கத்து கத்தோலிக்கக் குடும்பம். கணவர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைக்கிறவர், குழந்தை பாலர் பள்ளியில். தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்த இயக்குநர் தொடர் ஒருங்கிணைப்பைக் கொண்டுவந்தார். நீங்கள் சி.ஐ. என்று இரண்டு எழுத்தில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, அதுதான். எழுதியதை அன்றன்றைக்கே பொது சர்வரில் சேர்க்க வேண்டும். சர்வர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி (பில்ட் என்பது இதுதான்), டெஸ்ட்களை ஓட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை, உடைந்தால் சிவப்பு. சேர்ப்பு வாரத்தில் ஒரு முறை மொத்தமாகப் படும் அவஸ்தையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுத் தீர்த்துக்கொள்வது. நான் பல வருடம் ஏங்கிய விஷயம் அது. திண்டிவனத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சின்ன பல்புகளில் ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் எடுத்துச் சர்வரோடு இணைத்துக் கொடுத்தார். முதல் மாதத்தில் அந்த விளக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை சிவந்தது. உடனே இரண்டு பேர் போய் உட்கார்வார்கள், டீ வருவதற்குள் பச்சையாகிவிடும். அவ்வளவு நிம்மதியாக நான் அதுவரை வேலை பார்த்ததில்லை.

பிறகு பொம்மை வந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிர்க்கடையில் விற்கும் திருஷ்டி பொம்மை. முறுக்கு மீசை, உருட்டி வைத்த கண், தொங்கும் நாக்கு. யாரோ விளையாட்டாக வாங்கி வந்து, அன்று பில்டை உடைத்தவர் மேஜையில் வைத்தார்கள். எல்லாரும் சிரித்தோம். அடுத்து உடைப்பவர் வரும்வரை பொம்மை அந்த மேஜையிலேயே இருக்கும் என்பது வழக்கமானது. விழுப்புரமும் ஒன்று வாங்கிக்கொண்டது. சென்னையில் அது எப்படித் தெரிந்ததோ, இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லாக் கிளைகளுக்கும் ஒரு மெயில் போகும். அதில் அந்த வாரம் பொம்மை வைத்திருப்பவரின் படம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உற்சாகமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த வருட மதிப்பீட்டின்போது அமலியிடம் ஒரு கேள்வி வந்தது: "உங்க படம் ரெண்டு தடவை வந்திருக்கே?"

அதற்குப் பிறகு விளக்கு பச்சையாகவே இருந்தது. நாள்கள் போயின, வாரங்கள் போயின, பச்சை. சென்னைக் கூட்டத்தில் எங்கள் இரண்டு கிளைகளையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றும் பேசினார்கள். செலவைக் குறைக்கத் திண்டிவனம் கிளையை மூடி ஆட்களைச் சென்னைக்கு மாற்றலாமா என்பது. புதிதாக வாடிக்கையாளராகப் பிடித்திருந்த ஆலையில் இந்த அரவைப் பருவம் நல்லபடியாகத் தொடங்கினால் கிளை இருக்கும், சொதப்பினால் இருக்காது. இதை நான் கிளையில் மறைக்காமல் சொன்னேன். அமலி சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "எங்க வூட்டுக்காரரு மல்லாட்டைய தூக்கிக்கினு தாம்பரத்துக்கு வருவாரா மேடம்?" சென்னை என்றால் அவர் வேலையை விட வேண்டியதுதான். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே நிலைமை.

தீபாவளி முடிந்து, அரவை தொடங்க ஒரு வாரம் இருந்தது. நான் திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்தேன். தினமும் மின்வெட்டு இருந்த காலம். நேரம் சொல்லிவிட்டுப் போகும் கரண்ட் அன்று சொல்லாமல் போனது. யு.பி.எஸ். கீச்சிட ஆரம்பித்ததும் மொத்த ஹாலும் எழுந்து நின்றது.

"பேட்டரி நிக்காதுடா, ஜல்தி ஜல்தி!"

"பென் டிரைவ் யார்கிட்ட இருக்கு? ஏய், எனக்கு அப்புறம் எடுத்துக்கோ!"

"உன்து சின்னதுதானே, என்து மொத்தமும் இதுலதான் கெடக்கு!"

ஒரு பென் டிரைவுக்கு நான்கு பேர் கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் மூச்சு விட்டு உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் அப்போதுதான் பயம் வந்தது. எழுதியதை அன்றன்றைக்குச் சர்வரில் சேர்க்கிறவர்களுக்கு மெஷின் அணைந்தால் போவது காலையிலிருந்து செய்த வேலைதான். அதற்குப் பென் டிரைவ் தேடி யாரும் ஓட மாட்டார்கள்.

அமலியின் மேஜைக்குப் போனேன்.

"அமலி, உங்க மெஷின் இப்ப அணைஞ்சிருந்தா என்ன போயிருக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "எல்லாமே போயிருக்கும் மேடம்."

"அப்ப சர்வர்ல?"

"ஆயுத பூஜைக்குச் சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வச்சோமில்ல? அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல." பின்னால் யாரோ சிரித்தார்கள். அமலி குரலைத் தாழ்த்தினார். "போட்டா உடையும் மேடம். உடைஞ்சா பொம்மை வரும். பொம்மை வந்தா மெயில் வரும். எல்லாம் முடிச்சு, கடைசியா ஒரேயடியா போட்டுக்கலாம்னு வச்சிக்கினு இருக்கேன். நான் மட்டும் இல்ல, எல்லாருந்தான்."

விழுப்புரத்துக்குப் போன் செய்தேன். குமரவேலும் அதையேதான் சொன்னார். "நம்ம விளக்கு ஏன் பச்சையா இருக்குன்னா மேடம், அதுக்கு யாரும் வேலையே குடுக்கல."

ஃபிளாப்பிகளோடு திணறிய அந்தச் சேர்ப்பு வாரம், பெயர் மாறி, பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தது. அதுவும் அரவைக்கு முந்தின வாரத்தில்.

அன்று மதியமே குமரவேலை இரண்டு பேரோடு திண்டிவனத்துக்கு வரச் சொன்னேன். எல்லாரையும் உட்கார வைத்து ஒன்றுதான் சொன்னேன்: "அவங்கவங்க வச்சிருக்கறத இப்பவே போடுங்க. மொத்தமா வேணாம், சின்னச் சின்னதா. விளக்கு செவக்கும். செவக்கட்டும்."

குமரவேலுக்கு ஒப்பவில்லை. "அடுத்த வாரம் ஆலையில நிக்கணும். இப்பப் போயி எல்லாத்தையும் கொட்டினா பேஜாரு மேடம். ரெண்டு பக்கமும் தனித்தனியா நல்லாதானே ஓடிக்கினு இருக்கு?"

"தனித்தனியா ஓடறது எனக்குத் தெரியும். ஆலைல சேந்துதானே ஓடணும்?"

யாரும் அசையவில்லை. முதலில் யார் போடுவது? மேஜைகளைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள், மூலையில் கடைசியாக மாட்டிக்கொண்டவரின் மேஜையில் நாக்கைத் தொங்கப்போட்டிருந்த பொம்மையைப் பார்த்தார்கள். அமலிதான் எழுந்தார். நேரே போய்ப் பொம்மையை எடுத்துவந்து தன் மேஜையில் தானே வைத்தார்.

"எப்படியும் இங்கதான் வரப் போவுது. நடுவுல யாருக்கு அலைச்சல்?" என்றார்.

ஹாலே சிரித்தது. அவர் போட்டார். விளக்கு சிவந்தது. அதற்குப் பிறகு வரிசையாக எல்லாரும் போட்டார்கள். அன்று மாலை வரை அது சிவப்பாகவே இருந்தது. மறுநாளும்.

மறுநாள்தான் பெரிய விஷயம் வெளியே வந்தது. கரும்பில் இரண்டு வகை. புதிதாக நட்டது நடவுக் கரும்பு. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி வளர்வது கட்டைக் கரும்பு. ஆலை கேட்டுக்கொண்டதால் கட்டைக் கரும்பின் உத்தரவு எண்ணுக்கு முன்னால் ஒரு ஆங்கில எழுத்தை அமலி சேர்த்திருந்தார். சேர்த்து ஆறு வாரம் ஆகியிருந்தது, அவர் மெஷினுக்குள்ளேயே. குமரவேலின் எடைமேடையோ உத்தரவு என்றால் வெறும் எண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. அமலி பக்கத்து டெஸ்ட்கள் எல்லாம் சரி, குமரவேல் பக்கத்து டெஸ்ட்களும் சரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் டெஸ்டில், எந்தக் கட்டைக் கரும்பு வண்டியையும் எடைமேடை ஏற்கவில்லை. ஆயுத பூஜையன்றே சேர்ந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. இப்போது எழுத்து வந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி மாற்ற வேண்டும். அரவைக்குள் முடியுமா என்று சொல்ல முடியவில்லை.

சென்னையிலிருந்து போன் வந்தது.

"ரெண்டு நாளா ரெட்ல இருக்கே. யாரு?" என்றார் இயக்குநர்.

"ரெண்டு கிளையும் சார்."

"அது பதில் இல்லையே. பேரு சொல்லுங்க."

"பேரு சொன்னா நாளைக்கே பச்சையாயிடும் சார். ஏன்னா யாரும் எதையும் போட மாட்டாங்க. போன மாசம் பூரா அதான் நடந்துது." பொம்மையிலிருந்து கரும்பு வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அந்த ஒரு டெஸ்டை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வைங்க. விளக்கு பச்சையாயிடும். அரவை ஆரம்பிச்சப்புறம் சரி பண்ணிக்கலாம். திண்டிவனத்தோட நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெட்டுன்னு மேல போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன் சார்" என்று வைத்தேன்.

நான் விழுப்புரத்துக்காரி. திண்டிவனம் மூடப்பட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. அதனால் அந்த முடிவை நான் மட்டும் எடுக்கக் கூடாது என்று தோன்றியது. அமலியையும் குமரவேலையும் கூப்பிட்டு, இயக்குநர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

குமரவேல் முதலில் பேசினார். "எங்க ஊர்ப்பக்கம் பாதி கட்டைக் கரும்புதான் மேடம். வெட்டி ஏத்தின வண்டிய வாசல்லேருந்து திருப்பி அனுப்பினா எங்கப்பாவே பஸ் ஏறி வந்து என்னை ஒதைப்பாரு."

அமலி தன் மேஜையிலிருந்த பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், மறுபடி இழுத்து வைத்தார். பிறகு சொன்னார்: "நிறுத்தினா இன்னிக்குப் பச்சை. அடுத்த வாரம் வண்டிங்க வரிசையா வந்து நிக்கும். அப்ப மூடினா, நம்மளால நாலு பேரு கரும்பு காஞ்சு போச்சுன்னு மூடுவாங்க. இப்பவே மூடறதுன்னா மூடிக்கட்டும் மேடம். டெஸ்டை நிறுத்தாதீங்க."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"பஸ்ல வர்றப்பல்லாம் அதைத்தானே யோசிச்சிக்கினு வர்றேன்."

இயக்குநரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஆலையின் கரும்பு அலுவலரைக் கூப்பிட்டேன். கட்டைக் கரும்புக்கு எங்கள் மென்பொருள் இன்னும் தயாரில்லை, ஏற்றினால் வண்டிகள் நிற்கும் என்று நேராகச் சொன்னேன். அவர் முதலில் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, "மொதல் வாரம் கட்டைக்கு மட்டும் கையால எழுதற பழைய சீட்டுலயே ஓட்டிக்கறேன், நடவுக்கு உங்கது. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தர மாட்டேன்" என்றார். வைக்கும் முன் சொன்னார்: "இதே விஷயத்தை வண்டிங்க வந்து நின்னப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா, உங்களத்தாம்மா எடைமேடைல ஏத்தியிருப்பேன்."

பிறகு இயக்குநரிடம், டெஸ்டை நிறுத்தவில்லை என்றும், ஆலைக்குச் சொல்லிவிட்டேன் என்றும், விளக்கு இன்னும் சில நாள் சிவப்பாக இருக்கும் என்றும் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தார். கோபமா இல்லையா என்று அந்தச் 'சரி'யில் கண்டுபிடிக்க முடியவில்லை.

விழுப்புரத்து மூவரும் தினமும் திண்டிவனத்துக்கே வந்தார்கள். அமலியும் குமரவேலும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். இரண்டு கிளைகளும் அதற்குமுன் போனில் மட்டுமே சண்டை போட்டுப் பழகியவை. நேரில் சண்டை சீக்கிரம் முடிகிறது என்று அப்போது தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவுடன் போட்டார்கள். சிவந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிவப்பாக இருப்பதுதான் அந்த வாரத்து வேலை. அரவை நடவுக் கரும்போடு தொடங்கி, கட்டைக் கரும்பு பழைய சீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், விளக்கு பச்சையானது. கை தட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. குமரவேல்தான் எட்டிப் பார்த்து, "இது நெஜமான பச்சைதானே, இல்ல பல்பு ஃபியூஸா?" என்றார். ஆலை கொடுத்த கெடுவுக்குள், கட்டைக் கரும்பு ஏற்றிய முதல் டிராக்டர் எங்கள் எடைமேடையில் ஏறி இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து படத்தோடு வரும் மெயில் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இயக்குநர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளையை மூடும் பேச்சு இன்னொரு கூட்டத்துக்குப் போய், அங்கே என்ன நடந்ததோ, அத்தோடு நின்றது.

உங்களிடம் வரும் மேலாளர்கள் விளக்கு பச்சையா என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கட்டும். நீங்கள் பக்கத்து மேஜைக்காரரிடம் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேளுங்கள். சர்வரை வாங்குவதும் விளக்கைக் கட்டுவதும் ஒரு நாள் வேலை. எலக்ட்ரீஷியனே செய்துவிடுவார். உடைத்தவர் உடைத்தேன் என்று சொல்லக்கூடிய இடமாக ஒரு ஹாலை வைத்திருப்பதுதான் கடினம். பெரிய நிறுவனங்களில் அது இன்னும் கடினம். ஏனென்றால் கேலி செய்தவர் ஓர் ஊரில் இருப்பார், மதிப்பெண் போடுபவர் வேறோர் ஊரில் இருப்பார்.

பொம்மை என்ன ஆனது என்று சொல்லவில்லையே. டிராக்டர் ஏறி இறங்கிய மறுநாள் காலை, அமலி ஒரு கம்பித் துண்டோடு வந்தார். "இதை வாசல்லதானே மேடம் கட்டுவாங்க? வெளிய பாத்த மாதிரி. நம்ம மட்டும் ஏன் உள்ள வச்சி நம்ம ஆளையே மொறைக்க வுட்டோம்?" என்று கேட்டுக்கொண்டே, கிரில் கேட்டில் தெருவைப் பார்க்கக் கட்டினார்.

ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகத் திண்டிவனம் போயிருந்தேன். பொம்மை கேட்டிலேயே இருந்தது. வெயிலில் மீசை வெளுத்து, கண்கள் மட்டும் மிச்சம். உள்ளே அமலியோடு பேசிக்கொண்டிருந்தபோது விளக்கு சிவந்தது. எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு சின்னப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, "நான்தான், நான்தான்! யாராச்சும் வாங்களேன்" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். இரண்டு பேர் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்கள். அமலி விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.